கல்யாண ஆல்பத்தில் கிடைத்த யாளிகள்

தஞ்சாவூரில் குளிரூட்டிய அறையில் அமர்ந்து பழைய கட்டடங்களுக்கு வரைபடம் வரைவதே என் பணி என்று என் புகுந்த வீட்டார் நம்பியிருந்தனர். மாமியார் அதை உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லிவந்த நாட்களில், நான் வலங்கைமான் பக்கத்து ஆற்றங்கரை மண்டபம் ஒன்றைச் சீரமைக்க முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தேன்.

புயலில் சாய்ந்த அரசமரம், மண்டபத்தின் முன்பக்க அடித்தளத்தையும் வேரோடு பெயர்த்துவிட்டது. அதில் ஒன்றுபோல் ஒன்று இல்லாத யாளிகள் செதுக்கிய கற்கள் பதினான்கு. விழுந்த வரிசையிலேயே எண் இட்டு அவற்றை நகர்த்தச் சொன்னேன். பெயிண்ட் கறையாகும், சாக்கட்டியே போதும் என்றதும் நான்தான். மறுநாள் மழை எண்களையெல்லாம் கழுவிவிட்டது. எண் இருக்கையில் படம் எதற்கு என்று புகைப்படமும் எடுக்கவில்லை.

செயற்பொறியாளர் வந்து பார்த்தார்.

"பத்து நாள் டைம் தர்றேம்மா. வரிசை கிடைக்கலன்னா முன்பக்கம் கான்கிரீட்டுதான். ஃபைல்ல எழுதிடுவேன்."

ஒரு கல் இடம் மாறினாலும் மூட்டு பொருந்தாது. ஒவ்வொன்றையும் செயின் பிளாக்கில் தூக்கிவைத்துப் பார்க்க அரைநாள் ஆகும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மணல் சுமந்துகொண்டிருந்த செல்வி சொன்னார்:

"இந்த ஊருல தாலி கட்டின கையோட இங்க வந்துதான் மேடம் போட்டோ எடுப்பாங்க. எங்க ஆல்பத்துலயும் யாளி இருக்கு. முக்காவாசிய எங்க வீட்டுக்காரரு மறைச்சிட்டாரு."

மதியத்துக்குள் தார்ப்பாயில் பதினொரு ஆல்பங்கள் விரிந்தன. கொண்டுவந்த ஊர்ப் பெண்கள் ஒருவரையொருவர் கேலி செய்தனர்.

"கனகா, அன்னைக்கு நீ ஒல்லிடி! பக்கத்துல ரெண்டு யாளி தெரியுது."

"இப்ப நின்னா நாலு யாளிய மறைச்சிருவா!"

மேஸ்திரி கோவிந்தன் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, "அடுத்த மாப்பிள்ளையக் கொண்டாங்க!" என்று கூவினார். துபாயிலிருந்து ஒருவர் தம் திருமணப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மாலைக்குள் பத்துக் கற்களுக்கு இடம் தெரிந்தது. நடுவில் இருந்த நான்கை மட்டும் எல்லாப் படங்களிலும் மணமக்களே மறைத்து நின்றனர்.

"எல்லாரையும் நட்டநடுவுலதாம்மா நிக்க வெப்பேன்," என்று குற்றவாளியைப்போல் நெளிந்தார் ஸ்டுடியோ ஜபார் பாய். "அப்பதானே படம் அம்சமா இருக்கும்!"

செல்வி மணல் கூடையைக் கீழே வைத்தார்.

"இன்னொரு போட்டோ பீரோவுக்கு அடியில கெடக்கு மேடம். ஆல்பத்துல ஒட்டல. காலப் பந்தியில மாப்பிள்ளை வீட்டாளுங்க எங்கண்ணன் எலையில பாயசம் வெக்கல. கோவத்துல நான் அந்தக் கோடி, அவரு இந்தக் கோடி."

படம் வந்தது. இருவருக்கும் இடையே ஒரு மாட்டுவண்டி புகலாம். அந்த இடைவெளியில், வாலைச் சுழற்றிக்கொண்டு, நான்கு யாளிகளும் தெளிவாக நின்றன. நான் அத்தனை பேர் முன்னிலையிலும் விசிலடித்தேன். வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

செல்வியின் கணவர் முருகேசன் நெஞ்சை நிமிர்த்தினார். "அன்னைக்கு ஒழுங்கா பாயசம் வெச்சிருந்தா, இந்த மண்டபம் என்னாயிருக்கும் மேடம்?"

"வாய மூடுங்க. எங்கண்ணன் இன்னும் மறக்கல," என்றார் செல்வி.

பத்தாம் நாள் கடைசிக் கல் அமர்ந்தது. செயற்பொறியாளர் மூட்டில் ஒரு தாளைச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. "கான்கிரீட்டு வேண்டாம்னு எழுதிடறேம்மா," என்று ஃபைலைத் திறந்தார்.

இத்துறைக்கு வரும் இளையவர்களுக்கு இரண்டு சொல்வேன். கல்லைத் தொடுமுன் படம் எடுங்கள். அதற்கும் முன், அந்தக் கல்லின் எதிரே நின்றவர்களை விசாரியுங்கள்.

கோவிந்தன் மேஸ்திரி காலமாகிவிட்டார். ஜபார் பாய் மகளோடு சென்னைக்குப் போய்விட்டார். செல்வியும் முருகேசனும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.