பெரிய ற

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த காலத்திலேயே முகம்மது சுல்தானின் குரலுக்குத் தனி மரியாதை. படகில் நின்று கத்தினால் கிடங்குக்குள் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர், இன்று ஆயர் ஈத்தாமில் இரண்டு மளிகைக் கடைக்கு முதலாளி. யார் தயவும் இல்லை. கையும் தொண்டையும்தான் முதல்.

அந்தத் தொண்டைதான் நபிபுகழ் பாடும் பைத்து சபாவுக்கும் தலைமை. மீலாது ஊர்வலத்தில் முப்பது வருடமாக முதலடி அவருடையது. மற்ற பதினொரு பேரும் சேர்ந்துகொள்வார்கள். ஒத்திகைக்கு அவரிடம் ஒரே வழிதான்: தொடக்கம் முதல் முடிவு வரை மூன்று தடவை உரக்கப் பாட வேண்டும், பிறகு டீ.

இந்த வருடம் புதுப் பாட்டு. ஊர்வலத்துக்கு ஐந்தே நாள். "இறையோனே, எம்மைக் கரை சேர்ப்பாயே" என்ற அடி வந்தால் மட்டும் கூட்டம் சிதறியது. பாதிப் பேர் முந்த, பாதிப் பேர் பிந்த, தஃப் மேளம் தட்டும் முஸ்தஃபாவின் கை தடுமாறியது.

"சோறு திங்கிறீங்களா, காத்துத் திங்கிறீங்களா? மறுபடி மொதல்லேர்ந்து!" என்றார் சுல்தான்.

சிக்கந்தர் கையைத் தூக்கினார். பாயான் பாரு தொழிற்சாலையில் இருபது வருடம் மேற்பார்வை பார்த்தவர்.

"மொதல்லேர்ந்து வேணாம்லா அண்ணே. எங்க ஃபேக்டரில ஒரு பீஸ் கெட்டா, லைனை நிறுத்தி அந்த எடத்தை மட்டும் பாப்போம். அந்த ஒரு அடியை ஒவ்வொருத்தரா பாடுவோமே."

"முப்பது வருசமா பாடுறவனுக்கு டெஸ்ட்டா?"

"எனக்குந்தான். நான் மொதல்ல பாடுறேன்."

வரிசையாகப் பாடினார்கள். ஒருவரும் தடுமாறவில்லை. கடைசியில் சுல்தான் பாடினார். கூடம் அதிர்ந்தது. ஆனால் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னடா முழிக்கிறீங்க?"

"இறைக்குப் பெரிய ற அண்ணே. கரைக்குச் சின்ன ர," என்றார் சிக்கந்தர். "நீங்க ரெண்டையும் அழுத்தி இழுக்குறீங்க. பாதிப் பேர் உங்களுக்காக நிக்கிறாங்க, பாதிப் பேர் தாளைப் பாத்துப் போயிடுறாங்க."

"பெருசாப் போட்டா என்ன கொறஞ்சிபோச்சு?"

முஸ்தஃபா தஃபைப் பார்த்தபடியே சொன்னான். "கறைன்னா அழுக்குண்ணே. எங்க மேல அழுக்கைச் சேருன்னு துஆ கேக்குறோம்."

யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக்கினார்கள். சுல்தானுக்கு முகம் எரிந்தது. எழுந்தே விட்டார். முதலடியை வேறு எவனாவது எடுக்கட்டும், ஊர்வலத்தில் அது நாலு கடை தாண்டிக் கேட்கிறதா பார்ப்போம்.

செருப்பு வரை போனவரை, லைனை நிறுத்தணும் என்று சிக்கந்தர் சொன்ன அந்த 'நிறுத்து' பிடித்து நிறுத்தியது. இருபது வயதில், துறைமுகத்தில் கிரேனில் மூட்டைக்கட்டு சாய்ந்தபோது "நிறுத்து!" என்று கத்தியவர் அவர். கூலிகளை மேய்க்கும் தண்டல் முறைத்தார், பார்த்தால் கயிறு பாதி அறுந்திருந்தது. கீழே நின்ற ஆறு பேர் உயிரோடு வீடு போனார்கள். இந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாண வீடு ஆயர் ஈத்தாமில் கிடையாது. இன்று நிறுத்தச் சொன்னவன் வேறு ஆள், அவ்வளவுதான்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். "நீங்க பாடுங்க. நான் கேக்குறேன்."

முப்பது வருடத்தில் முதல் தடவையாகத் தன் சபா பாடுவதை அவர் கேட்டார். பதினொரு குரலும் ஒன்றாக இறங்கின. பரவாயில்லையே பயல்கள்! அடுத்த தடவை அவரும் சேர்ந்தார். கரை என்ற இடத்தில் குரலைத் தளர்த்தினார். தினம் பத்துத் தடவை படகுக்காரனிடம் சொன்ன சொல்தானே அது! முஸ்தஃபாவின் கை தடுமாறவில்லை.

"டீ குடிக்கலாமா அண்ணே?" என்றார் சிக்கந்தர்.

"டீ எங்க ஓடிப்போவுது? அந்த அடி இன்னொரு தடவை. சின்ன ர! எவனாவது பெருசாப் போட்டான், நானே எந்திரிச்சு நிப்பாட்டிருவேன்."