சந்தனம் வைத்த டிஸ்குகள்

வாழை இலையில் நான்கு ஹார்டு டிஸ்குகள். ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். தென்காசியில் நான் ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்த ஸ்டுடியோவின் ஆயுத பூஜை அது. கேமரா, விளக்கு, கத்திரிக்கோல் வரை கும்பிட்ட முதலாளி அண்ணாச்சி, கம்ப்யூட்டரைத் திறந்து டிஸ்குகளையும் உருவிவிட்டார். பக்தியை நான் குறை சொல்லவில்லை. எது எங்கே இருந்தது என்று பார்க்காமல் திரும்ப மாட்டினாரே, அதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

எங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடியது லினக்ஸ். அதைக் கட்டி ஆண்டவர், கடையில் எனக்கு மூத்தவரான அக்கா. செங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எல்லாப் படங்களுக்கும் இன்னொரு பிரதி வேண்டும் என்று நச்சரித்து ஒரு புது டிஸ்க் வாங்க வைத்திருந்தார். பூஜைக்கு முன்னால் அதை மாட்டி, லினக்ஸ் அதற்கு எஸ்டிபி என்று பெயர் வைத்ததைக் காட்டினார். "பேரை நம்பாத ஏட்டி. இடம் மாறுனா பேரும் மாறிரும். உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுதான் கை வைக்கணும். லீவு முடிஞ்சு வந்து நானே செய்யுதேன்" என்றார். நான் தலையாட்டிவிட்டு, டிஸ்கில் உள்ளதையெல்லாம் அழித்துத் தயார் செய்யும் கட்டளையை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. புது டிஸ்கை அன்றைக்கே தொடங்கிவிட வேண்டும் என்று அண்ணாச்சிக்கு ஒரே பிடிவாதம். "அவ வாரது வரைக்கும் நல்ல நாள் காத்துக்கிட்டு நிக்குமா? நீ எழுதி வச்சிருக்கேல்லா, கொண்டா" என்றார். கொடுத்தேன். எஸ்டிபி என்று இருந்ததை அப்படியே தட்டினார். டிஸ்குகள் இடம் மாறியதில் அந்தப் பெயர் இப்போது ஒரு பழைய டிஸ்குக்குப் போயிருந்தது. இதில் ஏற்கெனவே 'கல்யாணப் படங்கள்' என்ற பெயரில் கோப்புகள் இருக்கின்றன, தொடரலாமா என்று கம்ப்யூட்டரே கேட்டது. ஜடத்துக்கு இருந்த நிதானம் மனுஷருக்கு இல்லை. ஆம் என்பதற்கான ஒய் எழுத்தை அழுத்தினார். கையோடு அதன்மேல் புதுப் படங்களையும் ஏற்றி, மீட்கும் வழியையும் அடைத்தார்.

போனது மேலகரத்துப் பெண் ஒருத்தியின் நிக்காஹ் படங்கள். மாப்பிள்ளை துபாய்க்குத் திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவர்கள் இருவரும் குற்றாலத்துச் சாரலில் நின்று சிரித்த படங்களும் அதில்தான் இருந்தன. அக்கா லீவு முடிந்து வந்த அன்றே அந்தப் பெண்ணும் அவள் வாப்பாவும் வந்து நின்றபோது அண்ணாச்சி கூசாமல் அக்காவைக் கைகாட்டினார். "இவதான் தெரியாம அழிச்சுட்டா." ஊரெல்லாம் அதே பேச்சாயிற்று. அதன்பின் தென்காசியில் எந்த ஸ்டுடியோவும் அக்காவை வேலைக்குச் சேர்க்கவில்லை. அண்ணாச்சியின் கடையில் இன்றும் முகூர்த்த நாளில் கூட்டம் அலைமோதுகிறது. நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனால் அந்த எரிச்சலில் பாதி என்மேல். அன்று அக்கா அழவில்லை. "நான் லீவுல இருந்தேன் அண்ணாச்சி. யாரு எப்பம் என்ன அடிச்சாங்கன்னு ஹிஸ்டரில வரிசையா நிக்கும், எல்லாரும் பாருங்க" என்று நிமிர்ந்து சொல்லி, அதைத் திறந்தார். திரை வெறுமையாக இருந்தது. அவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு, "அந்த ஹிஸ்டரிய அழிச்சிரும்மா" என்று அண்ணாச்சி என்னிடம் சொல்லியிருந்தார். நானும் அழித்திருந்தேன்.

அந்தப் பதிவை அழிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கடையில் இரண்டே பேர். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அக்கா. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் அடுத்த ஆல்பத்தைத் திறந்தேன்.