சுருட்டையின் காதும் அத்தானின் கையும்

தந்தி வந்தபோது சென்னை விடுதியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் காலமானார், புறப்படு. அவ்வளவுதான். துண்டைக் காதில் வைத்தபடியே நின்றேன். முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகம் அல்ல. ஒரு நாயின் காது.

சேரன்மகாதேவியில் சங்கரலிங்கம் பிள்ளையை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கோர்ட்டுக் கச்சேரியில் குமாஸ்தா, என் அக்கா கோமதியின் கணவர், அதிர்ந்து பேசாதவர். எல்லாம் சரி. ஆனால் அந்த நாயில்லாமல் அவரைத் தெருவில் பார்த்தவர் யார்?

சுருட்டை. ரயில் பாதை போட வந்த வெள்ளைக்கார இன்ஜினியரின் தொங்குகாது நாய்க்கும் நம் தெருநாய் ஒன்றுக்கும் பிறந்தது. காதும் சுருள் மயிரும் தகப்பனுடையவை. வாலும் பசியும் தாயுடையவை. யார் படியேறினாலும் குரைக்காது. வாலாட்டிக்கொண்டு போய்க் காலடியில் உட்காரும்.

"இது காவலுக்கு ஆகாதுவே. விருந்தாளியைக் கூப்பிடுத நாய்லா!" என்பார் எதிர்வீட்டு ஆவுடையப்பன் அண்ணாச்சி.

"நம்ம வீட்டுல களவாங்க என்ன இருக்கு? விருந்தாளியாவது வரட்டும்" என்பார் அத்தான்.

அவர்களுக்குப் பிள்ளையில்லை. இதற்குமேல் எழுத வேண்டியதில்லை.

சைவ வீட்டுப் பிள்ளையாகவே அதை வளர்த்தார்கள். காலையில் மோர்ச்சோறு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். தன் தலைக்கு வைத்த நல்லெண்ணெயை அதன் தலைக்கும் வைத்து, சீயக்காய் தேய்த்து, ஆற்றில் முக்கி எடுப்பார் அத்தான். நிமிர்ந்த காதுள்ள நாயாக இருந்தால் பிழைத்துப் போயிருக்கும். தொங்குகாதுக்குள் எண்ணெயும் தண்ணீரும் தங்கின. அடர்ந்த மயிர் காற்றை உள்ளே விடவில்லை. புண் வைத்தது. அப்போது யாருக்கும் அது தெரியவில்லை.

தெரிந்தது வேறு. ஓயாமல் தலையை உதறியது. மூலையில் முடங்கியது. சோற்றைத் தொடவில்லை. ஒரு சனிக்கிழமை ஆற்றைக் கண்டதும் ஊளையிட்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தது. வழியில் காதைத் தடவப்போன குழந்தையைக் கவ்வப் பார்த்தது. பல் படவில்லை. ஆனால் தண்ணீரைக் கண்டு மிரண்ட நாய். தெருவுக்கு அது போதும்.

கம்புகளோடு வாசலில் ஆட்கள். முன்னால் ஆவுடையப்பன் அண்ணாச்சி.

"வே சங்கரலிங்கம், அதை வெளிய விடும். வெறி புடிச்சிட்டு."

"யாரு சொன்னா?"

"தண்ணியக் கண்டு ஓடுதுல்லா? கச்சேரி மாதிரி இதுக்கும் சாட்சி கேக்கேரா? பிள்ளைக நடமாடுத தெருவே இது!"

கதவுக்குப் பின்னால், அங்கே தங்கிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என்னைப் பிடித்தபடி அக்கா அழுதுகொண்டிருந்தாள். "அடிக்க விட்ராதீக."

அத்தான் செம்பில் தண்ணீர் எடுத்தார். முற்றத்து மூலையில் நாயின் முன் குந்தினார். வலது கையைக் குவித்து, தண்ணீர் ஊற்றி, அதன் வாயருகே நீட்டினார்.

"கையை எடும்வே! கிறுக்கா உமக்கு?"

அத்தான் திரும்பவில்லை. "பைய, பைய. குடி."

சுருட்டை மோந்தது. தலையை உதறியது. பிறகு நக்கிக் குடித்தது. தண்ணீர் தீர்ந்ததும் விரலிடுக்குகளை நக்கியது. அவர் மறுபடி ஊற்றினார். கம்புகள் தாழ்ந்தன.

"குடிக்குதுல்லா!" என்றார் அண்ணாச்சி, தானே ஊற்றிக் கொடுத்தது போல.

அப்புறம்தான் அத்தான் காதைத் தூக்கிப் பார்த்தார். நாற்றம். நாவிதர் நாய்க்குக் கத்தி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட, அவரே கத்தரிக்கோலால் காதுமயிரை வெட்டினார். வேப்பிலை வெந்த நீரில் துணி நனைத்துத் துடைத்தார். எண்ணெய் வைப்பது நின்றது. புண் ஆறிய பிறகும், ஒவ்வொரு குளியலுக்கும் பின், படித்துறையில் உட்கார்ந்து அந்தக் காதுகளைத் துண்டு நுனியால் ஒற்றி எடுப்பார்.

"கோயில்ல சாமி காத்துக்கிட்டு இருக்காருவே" என்று கூப்பிடுவார் அண்ணாச்சி.

"அவருக்குக் காது காஞ்சிருக்கும். இதுக்கு இன்னும் ஈரமா இருக்கு."

வெறி பிடித்த நாயும் சில வேளை தண்ணீர் குடிக்கும் என்று பின்னாளில் கல்லூரியில் படித்தேன். விடுமுறைக்கு வந்தபோது அத்தானிடம் சொன்னேன். "அன்னைக்கு அதுக்கு வெறியில்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுலே மாப்பிள."

"பின்ன எதுக்குக் கையை நீட்டுனீக?"

"அத்தன பேரு நின்னாங்க. அது என்னையத்தான பாத்துக்கிட்டு இருந்துது."

தந்தி கண்டு நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொடியில் அவர் துண்டு. அதன் கீழே சுருட்டை. கிழடு. கண்ணில் பூ விழுந்திருந்தது.

"அவுக போனதுலருந்து தண்ணி வச்சா மோந்துகூடப் பாக்க மாட்டேங்குலே" என்றாள் அக்கா.

குந்தினேன். கையைக் குவித்து ஊற்றினேன். மோந்தது. அவர் கை இல்லை. தெரிந்துகொண்டது போல முகத்தைத் திருப்பியது. தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப் போயிற்று.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். தெரியாமலே நீட்டுகிற கை.

மறுபடி ஊற்றினேன். குடித்தது.

கொடியிலிருந்து துண்டை எடுத்துக் காதைத் துடைத்துவிட்டேன். ஈரமில்லை. ஆனாலும்.