சார் அமுக்கிப் பார்த்த பிரேக்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பெரியபாளையம் கோயிலருகே நடந்தது இது. நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். தினமும் காரில்தான் போய் வருகிறேன். என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இது எங்கள் மெக்கானிக்குக்கும் நன்றாகத் தெரியும்.

அந்த வாரம் பின் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்ததால் வண்டியை அவரிடம் விட்டிருந்தோம். சனிக்கிழமை மாலை கணவரோடு எடுக்கப் போனேன். பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. சொன்னேன்.

"புது லைனிங்மா, ஓட ஓட செட் ஆய்டும். சார் கைல சொல்லிக்கிறேன்" என்றார்.

ஆயில் குழாயில் காற்று இருக்குமோ என்று கேட்டேன். அவரோ என் கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நல்லா நாலு வாட்டி அமுக்கு சார்" என்றார். உள்ளே காற்று இருந்தாலும் அப்படித் தொடர்ந்து அமுக்கினால் பெடல் மேலே ஏறிக் கெட்டியாகிவிடும். அது தெரியாத இவர், "கல்லு மாதிரி கீதே! நீ சும்மா பேஜாரு பண்ணாத" என்று எனக்கே சர்டிபிகேட் கொடுத்தார்.

ரிப்பேர் முடிந்த வண்டிக்கு பெரியபாளையம் பவானி அம்மன் சன்னதியில் பூஜை போடுவது எங்கள் வீட்டு வழக்கம். மறுநாள் காலை கிளம்பினோம். கோயில் பக்கம்தான். ஆனாலும் வழியெல்லாம் ஒன்றுக்கு இரண்டு முறை மிதித்து மிதித்து, ஊர்ந்துதான் போனேன்.

பூஜை முடிந்து, சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டியை எடுத்தேன். பழம் நசுங்கியது. அதே நேரம் வேண்டுதலுக்காக உடம்பெல்லாம் வேப்பிலையால் வேப்பஞ்சேலை கட்டிய ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு குறுக்கே வந்தாள். பிரேக்கை மிதித்தேன். பெடல் அடிவரைக்கும் போய்விட்டது, வண்டி நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அவளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"இன்னாமா, எலுமிச்சங்காய நசுக்கச் சொன்னா ஆள நசுக்க வர்றியா?" என்று கத்தினாள். அந்தக் குழந்தை வீறிட்டு அழுதது.

சுற்றி நின்றவர்கள் ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் கணவரும் போட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடி மாதத்தில் ஆத்தாளுக்கு இருக்கிற வேலை போதாதா, எங்கள் மெக்கானிக் விட்ட வேலையையும் அவள்தான் பார்க்க வேண்டுமா?

இனி ஒரு அடி ஓட்ட மாட்டேன் என்று சொல்லி, மெக்கானிக்கை அங்கேயே வரவழைத்தேன். தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"ஆடி மாசம், ஒரே ரஷ்மா. ஏர் எடுக்கணும்னா பெடல் அமுக்க இன்னோர் ஆள் வேணும். யாரும் இல்ல, ஓடிடும்னு நென்ச்சேன்."

அப்படியானால் தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார்! அமுக்க ஆள் இல்லையாம். நான் அங்கே என்ன கம்பமாகவா நின்றேன்?

நானே உட்கார்ந்து அமுக்கினேன். "அமுக்கு... அப்டியே வெச்சிக்கோ" என்று சொல்லி, ஒவ்வொரு சக்கரமாகத் திருகாணியைத் திறந்து மூடினார். அதில் மாட்டிய டியூப் வழியாக ஆயிலோடு குமிழ் குமிழாகக் காற்று வந்தது. குறைந்த ஆயிலை ஊற்ற ஊற்ற, குமிழ் நின்றது. முதல் மிதியிலேயே பெடல் என் காலை எதிர்த்து நின்றது.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சார், சரியாய்ட்ச்சி. வந்து ஒரு வாட்டி அமுக்கிப் பாரு சார்" என்று என் கணவரைக் கூப்பிட்டார். இவரும் எழுந்து வந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிரேக் சரியில்லை என்று அதை மிதிக்கிற கால் சொன்னதை இரண்டு பேர் நம்புவதற்கு, ஒரு தாயும் பிள்ளையும் சக்கரத்தில் விழுந்திருக்க வேண்டுமா என்று நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.