வெருளியின் முதுகில் இருந்த இலக்கம்

குறிஞ்சிப்பிட்டியில் ஜவ்பர் நானாவின் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றபோது நடந்தது இது. கண்ணூறு படாமலிருக்க ஒரு வெருளிப் பொம்மை கட்டச் சொன்னார். பழைய உடுப்பு மூட்டையில் கிடைத்த, தோள் மிக அகலமான ஒரு சேர்ட்டை அதற்குப் போட்டேன். அதற்கு முன், முதுகிலிருந்த 47 என்ற இலக்கத்தை வெட்டியெடுத்து, கிழிந்திருந்த என் பையில் ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டேன்.

ஒரு காலை, ஆலங்குடாவில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் வேலியோரம் நின்றுவிட்டார். கட்டாரில் வேலைக்குப் போயிருந்தபோது பழகிய அரைகுறை ஆங்கிலத்தில் விசாரித்தேன். அது அவர் ஆடிய அணியின் சேர்ட்டாம். கூரைக்குக் கீழே சின்ன இடத்தில் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. இரண்டே வருடத்தில் அணியை மூடிவிட்டார்களாம். அப்படி எத்தனையோ அணிகள் தோன்றி, பெயரும் மிஞ்சாமல் போயினவாம்.

"இலக்கத்தைப் பார்த்தால் யாருடையது என்று சொல்லிவிடுவேன்" என்று வெருளியைத் திருப்பினார். முதுகில் ஓட்டைதான் இருந்தது.

"என்னவாம் தம்பி?" என்றார் நானா.

"சும்மா பாக்கிறாராம்."

"வெருளியப் பாத்து அழுற மனிசன இப்பத்தான் காணுறன்" என்று நானா சிரித்தார்.

பை குடிசையில் தொங்கியது. என்னிடம் இருந்ததே அந்த ஒரு பைதான். ஒட்டுத்துணியைப் பிரிக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் பிரித்தெடுத்துக்கொண்டு ஆலங்குடாவுக்கு நடந்தேன். அவர் விடியவே புறப்பட்டுவிட்டாராம்.

பிறகு பல ஊர் மாறிவிட்டேன். துணி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த 47 யார் என்று சொல்லக்கூடியவர் என் முன்னால் நின்றார். நான்தான் பேசாமல் இருந்துவிட்டேன்.