பட்டினி போட்ட மீடியா

துவாக்குடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி ஆய்வகத்தில் பானுப்ரியாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் திருவெள்ளறைக்காரி. ரெண்டு பஸ் மாறி வந்தாலும் எங்கள் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பாள். அப்பேர்ப்பட்டவளைத்தான் எங்கள் பேராசிரியர் ஜெயக்குமார் ஒரு வருஷமாகக் கைராசி இல்லாதவள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். விஞ்ஞானம் படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது?

அவள் அப்பா காத்தமுத்துவின் வாழைத்தோப்பு வாடல் நோயில் போனபோது ஒரே ஒரு தூர் மட்டும் பச்சையாக நின்றது. அதைக் காப்பாற்றியது எது என்று தேடி, அதன் வேர்மண்ணிலிருந்து பானுப்ரியா ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தாள். அந்த மண்ணைக் கரைத்து வடிகட்டிய நீரில் மட்டும் அது வளர்ந்தது. பிறகு தோப்பை அழித்து நிலத்தை மனைக்குக் கொடுத்துவிட்டார்கள், மண்ணும் போயிற்று. மிச்சம், உறைபெட்டியில் சில குப்பிகள்தான். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குப்பி காலி. அவை தீர்ந்தால் பாக்டீரியாவும் இல்லை, அவளுக்குப் பட்டமும் இல்லை.

ஜீனோம் என்கிற மரபணுத் தொகுப்பைப் படித்து, ஒரு பாக்டீரியா எந்தச் சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும், எதை நாம் ஊட்ட வேண்டும் என்று கணினியில் மாடல் போடுவோம். அதை வைத்து மீடியா, அதாவது வளர்ப்புக் கரைசல், கலப்போம். இதற்கு மாடல் போட்டவர் சார். உப்பும் சர்க்கரையும் போதும், வைட்டமின் வேண்டாம் என்றது அது. அவள் அப்படியே கலந்தாள். குப்பி குப்பியாகச் செத்தது. பயோட்டின் என்ற வைட்டமினைச் சேர்த்துப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, விவசாயிகளுக்கு மலிவான மீடியா என்று திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்களிடம் சொல்லியாகிவிட்டது, வைட்டமின் என்ற பேச்சே எடுக்காதே என்று வாயை அடைத்தார்.

கடைசிக் குப்பி மட்டும் மிஞ்சிய அன்று, எல்லார் முன்னாலும் சொன்னார்: “கம்ப்யூட்டர் வளரும்னு சொல்லுது, உன் கையில சாவுது. சித்தார்த்கிட்ட குடுத்துடும்மா, அவனுக்குக் கைராசி உண்டு.”

சித்தார்த் எங்களோடு ஆய்வு செய்கிற இன்னொரு மாணவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சாரின் மாடலைத் திறந்து, ஒவ்வொரு வேதிவினைக்கும் நேரே மரபணு இருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தாள். பயோட்டின் தயாரிக்கும் வழியில் ஒரு படிக்கு மரபணுவே இல்லை. இப்படி ஒரு படி விட்டுப்போனால், கணக்கு முடியட்டும் என்று மென்பொருள் தானே ஒன்றைப் போட்டு நிரப்பிவிடும். அது நிஜமா என்று மனுஷன்தான் பிறகு சரிபார்க்க வேண்டும். சாருக்கு இது தெரியாமல் போயிருக்கும் என்று நினைத்து, நேரே போய்க் கேட்டாள்.

“தெரியும்மா,” என்றார் நிதானமாக. “அதை எடுத்துட்டா மாடல் வளராதே.”

எவ்வளவு சுலபமாகச் சொன்னார், பாருங்கள். அவருடைய மாடல் கணினியில் வளர வேண்டும் என்பதற்காக இவளுடைய பாக்டீரியா குப்பி குப்பியாகச் செத்திருக்கிறது. அதற்குப் பழி இவள் கைக்கு.

அவள் குப்பியைச் சித்தார்த்திடம் கொடுக்கவில்லை. பொட்டு பயோட்டின் சேர்த்த மீடியாவில் தானே ஊற்றினாள். ரெண்டு நாள் ஒன்றுமில்லை. அவள் சாப்பிடவே இல்லை, நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் குடுவை பால் கலந்தாற்போல் கலங்கியிருந்தது. கலங்கினால் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். முதல் வேலையாகப் புதுக் குப்பிகளை நிரப்பி உறைய வைத்தாள்.

அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில் சார் அந்தக் குடுவையின் படத்தைத் திரையில் போட்டு, மாடல் சொன்னபடியே வளர்ந்திருக்கிறது என்றார். கூசாமல் சொன்னார். பின்வரிசையில் பானுப்ரியா எழுந்தாள்.

“சார், உங்க மாடல்படி இது பட்டினி கிடந்தாலும் வளரணும். ஒரு வருஷம் பட்டினி போட்டோம், செத்துச்சு. மரபணுவே இல்லாம நீங்க விட்டு வெச்ச படியைத் தூக்கிட்டு, அதுக்குச் சோறு போட்டப்புறம்தான் வளர்ந்துச்சு. இதை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அவர் அவசரமாக அடுத்த படத்துக்குப் போனார். அவள் உட்காரவில்லை.