கையாண்டவர் தவறு

பட்டாளத்தில் இருந்தபோது, புதிதாகச் செய்த ஒரு துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்கும் குழுவில் என்னைப் போட்டார்கள். எனக்குச் சிதம்பரம். கூட இருந்தவனுக்கு ஸ்ரீமுஷ்ணம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்பதால் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். துப்பாக்கியைச் சேற்றிலும் மணலிலும் போட்டெடுத்துச் சுட வேண்டும். கோளாறுகளை நோட்டில் எழுத வேண்டும். சேற்றில் முக்கினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. முதல் மூன்று நாளும் அதையே எழுதிக்கொடுத்தோம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்காம் நாள் அவன் சுட்டபோது தோட்டா உள்ளேயே வெடித்து, இரும்புத் துணுக்குகள் பின்பக்கமாக அவன் முகத்தில் அடித்தன. வலது கண் போய்விட்டது.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருவதற்குள் அறிக்கை தயாராக இருந்தது. சரியாகத் துடைக்காமல் சுட்டானாம், கையாண்டவர் தவறாம். சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். துப்பாக்கியைச் செய்த கம்பெனியின் ஆள், சேறு படாத ஷூவோடு அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போட முடியாது என்றேன். அவன் துடைத்ததைப் பார்த்தேன், துப்பாக்கியின் கோளாறு நோட்டில் இருக்கிறது என்றேன். நோட்டைக் காணோம் என்றார்கள். வேறொருவன் கையெழுத்துப் போட்டான். என்னைக் குழுவிலிருந்து தூக்கினார்கள். பிறகு, எடை அதிகம் என்று அந்தத் துப்பாக்கியை வேண்டாம் என்றுவிட்டார்கள். அவன் கண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஓய்வு பெற்று வந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மாமனார் அவன் எதிரிலேயே சொன்னார்: "மாப்ளைக்கு எப்பவும் அவசரம்ங்க. தொடைக்காம சுட்டுட்டாரு."

அவன் தலை நிமிரவில்லை. நான் குறுக்கே புகுந்தேன்.

"அவன் தொடைச்சத நான் பக்கத்துல இருந்து பாத்தன். துப்பாக்கிதான் கோளாறு. பழிய இவன் தலையில கட்டிட்டாங்க."

அவன் மனைவி, "இவுரும் அப்படித்தாண்ணா சொன்னாரு. காயிதத்துல வேற மாதிரி இருந்துச்சு. நாங்க காயிதத்த நம்பிட்டோம்" என்றாள்.

"உடு மச்சான்" என்றான் அவன்.

நான் விடவில்லை. கடலூரில் ஒரு வக்கீலைப் பிடித்து, நடந்ததை எழுதி, அந்த அறிக்கையைத் திருத்தச் சொல்லி மனு அனுப்பினேன். சோதனை விவரங்கள் ரகசியம், தர இயலாது என்று பதில் வந்தது. மறுபடி எழுதியிருக்கிறேன். மாமனார் இப்போதெல்லாம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று அவன் சந்தோஷமாகச் சொல்கிறான். அவனுக்கு அது போதுமாம். எனக்குப் போதாது.